எட்டாம் நிறம்

இளவெயில் நாட்டில் நிறபேதத்தை ஒழித்து நாற்பத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. ஒழித்த நாளில் வருடாவருடம் விடுமுறை உண்டு. அன்று காலை கோதுமை முகத்தார் எல்லோரும் புத்தாடை உடுத்திக் கோட்டை மைதானத்தில் கூடி, நிறம் என்று ஒன்று கிடையவே கிடையாது என்று உறுதிமொழி எடுப்பார்கள். அவர்கள் கலைந்து போன பிறகு நாவல் முகத்தார் வந்து மைதானத்தைக் கூட்டுவார்கள். இதில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை என்பது அரசின் கருத்து.

நாட்டை ஆண்டவர் மூன்றாம் சமநோக்கர். நல்ல மனிதர். யார் வந்து எதைச் சொன்னாலும் கண் கலங்கிவிடுவார்; கலங்கிய கண்ணோடு ஓர் ஆணை போடுவார். ஆணை எதுவும் போடாமல் அவர் காய்ச்சலில் படுத்திருந்த வருடத்தில்தான் மக்கள் ஓரளவு நிம்மதியாக இருந்தார்கள் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வதுண்டு.

அந்த நாட்டில் மங்கல் என்று ஒரு நோய் இருந்தது. உடம்பைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. முதலில் தூக்கம் போகும். பிறகு சோறு மண்ணாகத் தோன்றும். பிறகு ஆள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். அப்படியே விட்டால் இல்லாத குரல்களெல்லாம் கேட்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் மீட்பது பெரும்பாடு. ஆனால் தொடக்கத்திலேயே கவனித்துவிட்டால் மங்கலைப் போலச் சுலபமாகத் தீரும் நோய் வேறில்லை. நோயாளி பேசுவதை வாரம் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து யாராவது காது கொடுத்துக் கேட்டால் போதும். நாற்பது வாரத்தில் எழுந்து நடமாடிவிடுவார்.

இதற்கென்றே தலைநகரில் ஆறுதல் மனை என்று ஒரு பெரிய கட்டடம். அதற்கு இரண்டு வாசல்கள். முன்வாசல், நோயின் ஆரம்பத்தில் வருகிறவர்களுக்கு. உள்ளே மூங்கில் நாற்காலி, சுக்குக் காப்பி, சன்னலுக்கு வெளியே தோட்டம், கேட்பதற்கென்றே படித்துப் பட்டம் வாங்கிய மனிதர்கள். பின்வாசல், முற்றிப்போய் வருகிறவர்களுக்கு. அங்கே இரும்புத் தாழ்ப்பாள், உறக்கக் கஷாயம், தடி வைத்த காவலர்கள். யார் எந்த வாசலில் நுழைவது என்பதை நிறம் தீர்மானிப்பதில்லை, நோயின் நிலைதான் தீர்மானிக்கிறது என்று மதிற்சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். நோயின் நிலையைத் தெரிந்துகொள்வதற்கு மட்டும் ஒரு நிற அட்டை வைத்திருந்தார்கள்.

மங்கலின் முதல் அடையாளம் முகம் வெளிறுவது என்று அரண்மனை வைத்தியர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். சும்மா இல்லை, ஆயிரம் முகங்களைப் பார்த்து ஆராய்ந்தார்கள். ஆயிரமும் அரண்மனைத் தெருவிலேயே கிடைத்துவிட்டதால் வெயிலில் அலைய வேண்டியிருக்கவில்லை. விளைந்த கோதுமையில் தொடங்கி உரித்த பூண்டு வரைக்கும் ஏழு நிறங்கள் கொண்ட அட்டை தயாரானது. முகம் நாலாம் நிறத்துக்கு வெளிறிவிட்டால் மங்கல் ஆரம்பம், உடனே முன்வாசல். நாவல் முகத்தார் என்னதான் வெளிறினாலும் அட்டையின் முதல் நிறத்தைக்கூட எட்டவில்லை. ஆகவே அவர்களுக்கு மங்கல் வருவதில்லை என்று முடிவானது.

நல்வாழ்வு அமைச்சர் தருமசீலர் இதை மேடைதோறும் ஒரு பாராட்டாகவே சொல்வார். “உழைக்கும் மக்கள்! கவலை அண்டாத நெஞ்சங்கள்! நாமெல்லாம் அவர்களிடம் பாடம் படிக்க வேண்டும்!” பின்வாசலுக்குள் பத்துக்கு ஒன்பது பேர் நாவல் முகத்தாராக இருக்கிறார்களே, அது எப்படி என்று யாராவது கேட்டால், “அது மங்கல் அல்ல, முரட்டுத்தனம்” என்பார். அதற்கும் கைதட்டல் கிடைக்கும்.

இந்த அட்டைக்கு வண்ணம் குழைத்தவள் செம்பாயி. நாவல் முகத்துக்காரி. அரண்மனை அச்சகத்தில் பத்தொன்பது வருட வேலை. அட்டைகள் கைபட்டு அழுக்காகிவிடும் என்பதால் மாதாமாதம் புதிதாக அச்சடிப்பார்கள். ஏழு நிறத்தையும் ஒரு மயிரிழை பிசகாமல் குழைக்கிற கை அந்த நாட்டில் அவளுக்கு மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நிறத்துக்கும் நாலாம் நிறத்துக்கும் நடுவில் மற்றவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாத இடத்தில் அவளுக்குப் பதினோரு படிகள் தெரியும். அத்தனை தெரிந்தவளுக்கு, தன் ஜனங்களின் நிறம் அதில் ஏன் இல்லை என்ற கேள்வி மட்டும் ஒருநாளும் தோன்றியதில்லை. வேலைக்குப் போகிறவர்கள் வேலையைத்தான் பார்ப்பார்கள்.

அவளுக்கு அல்லிக்கொடி என்று ஒரே மகள், பதினாறு வயது. கணவன் உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு மாதம் ஒருமுறை வந்து போகிறவன். அல்லி வாயாடி. தெருவில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பந்தியில் அவள் குரல்தான் முதலில் கேட்கும். அந்தப் பெண் ஆனி மாதத்தில் ஒருநாள் பாதித் தட்டில் எழுந்துகொண்டாள். மறுநாள் தட்டின் முன்னாலேயே உட்காரவில்லை. ஒரு வாரத்தில் பேச்சு நின்றது.

செம்பாயி அவள் முகத்தைப் பார்த்தாள். அப்போதே தெரிந்துவிட்டது. தோலுக்கு அடியில் எப்போதும் இருக்கிற அந்தச் செம்மை காணாமல் போயிருந்தது. ஈரம் காய்ந்த சிலேட்டு மாதிரி ஒரு சாம்பல் பூத்திருந்தது. வெளிறுவது என்றால் இதுதான். அட்டைக்குத் தெரியவில்லை என்றால் அட்டைக்குக் கண் இல்லை என்றுதானே அர்த்தம்?

பள்ளிக்கூடத்தில் விசாரித்தாள். அல்லியின் வகுப்பில் கோதுமை முகத்துப் பெண் ஒருத்தியும் அதே மாதத்தில்தான் பேச்சை நிறுத்தியிருந்தாள். அவள் பெயருக்கு எதிரே ஆசிரியை, “பாவம், மனசு சரியில்லை, ஆறுதல் மனைக்கு அனுப்புக” என்று எழுதியிருந்தார். அல்லியின் பெயருக்கு எதிரே, “கேட்டால் பதில் சொல்வதில்லை, திமிர்” என்று எழுதியிருந்தார். இரண்டும் ஒரே நாளில், ஒரே மையில் எழுதியது.

செம்பாயி மகளைக் கையைப் பிடித்து முன்வாசலுக்கு அழைத்துப் போனாள். வாசல் எழுத்தன் பவளகிரி மரியாதையான மனிதன். முக்காலியில் உட்கார்ந்து, அட்டையை அல்லியின் கன்னத்தோரம் வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான்.

“உங்க பொண்ணு அட்டையிலயே இல்லம்மா.”

“அட்டையில இல்லாட்டி என்னங்க, ஆளு இங்கதான நிக்கிறா? பத்து நாளாச் சரியாச் சாப்பிடல. தூங்கல.”

“புரியுதும்மா. ஆனா நிறம் காட்டலன்னா ஆரம்பம்னு எப்படி எழுதறது? எனக்கு மேல இருக்கறவங்க கேக்க மாட்டாங்களா?”

“அப்ப நான் என்னதான் செய்யட்டும்?”

பவளகிரி உண்மையிலேயே உதவி செய்ய நினைத்தான். குரலைத் தாழ்த்தி, “கொஞ்சம் முத்தட்டும். கத்துனா, கையில கெடைச்சத எடுத்து வீசுனா, பின்னாடி வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க. அங்க அட்டையே கேக்க மாட்டாங்க” என்றான்.

செம்பாயி நேரே அரசரின் குறைகேட்கும் மண்டபத்துக்குப் போனாள். விஷயத்தைச் சொன்னதும் சமநோக்கருக்கு வழக்கம்போலக் கண் கலங்கியது. ஆனால் அமைச்சர் தருமசீலர் எழுந்து, “பெருமானே, நம் அட்டை எல்லாருக்கும் ஒரே அட்டை. ஆளுக்கு ஒரு அட்டை என்று ஆரம்பித்தால் அதுவல்லவா பேதம்?” என்றார்.

“ஆமாம், அட்டையில் கை வைக்கக் கூடாது” என்றார் அரசர். “ஆனால் இந்தத் தாயின் கண்ணீரும் வீணாகக் கூடாது. அட்டையை மாற்றாமல் முகத்தை மாற்ற வழி உண்டா?”

இருந்தது. அன்று மாலையே முதல் ஆணை வந்தது. நாவல் முகத்தார் இனி முகத்தில் அரிசி மாவு பூசிக்கொண்டு முன்வாசலுக்கு வரலாம். சம வாய்ப்பு மாவு என்று அதற்குப் பெயர். வீட்டுக்கு ஒரு படி இலவசம்.

மறுநாள் முன்வாசலில் முந்நூறு பேர். மாவு பூசினால் எந்த முகமும் ஏழாம் நிறம்தான். முந்நூறு பேருக்கும் மங்கல் நிச்சயம் என்று அட்டை அடித்துச் சொன்னது. நாற்காலி பதினைந்துதான் இருந்தது. கோதுமை முகத்தார் இடம் கிடைக்காமல் வெயிலில் நின்றார்கள். அதைப் பார்த்து அரசருக்கு மறுபடி கண் கலங்க, மத்தியானத்துக்குள் இரண்டாம் ஆணை வந்துவிட்டது: மாவு பூசி வருவது வேஷம், வேஷம் போட்டு அரசை ஏமாற்றுவது குற்றம்.

அந்த ஆணை வந்த வேளையில் அல்லி பவளகிரியின் முன்னால் நின்றிருந்தாள். அவள் அழுதுகொண்டிருந்ததால் கண்ணீர் ஓடிய இடத்திலெல்லாம் மாவு கரைந்து, கன்னத்தில் இரண்டு கறுப்புக் கோடுகள் தெரிந்தன. குற்றத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா? பெயரை எழுதிக்கொண்டு, எச்சரித்து அனுப்பினார்கள். “துடைச்சு விடும்மா” என்றாள் அல்லி, வழியில். பல நாட்களுக்குப் பிறகு அவள் பேசிய ஒரே வார்த்தை அது. அதற்கப்புறம் அதுவும் இல்லை. செம்பாயி முந்தானையால் துடைத்துவிட்டாள். அவளுக்கு அன்று வந்த கோபத்தில் அரண்மனையையே கொளுத்தியிருப்பாள். கையில் தீப்பெட்டி இல்லை, மகளின் கைதான் இருந்தது.

கோபம் ஆறியபோது ஒரு யோசனை பிறந்தது. அட்டைக்குத் தெரியாத நிறத்தை அட்டைக்குக் காட்டிக்கொடுத்தால் என்ன? அச்சகத்தில் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்து விளக்குக் கரி, அவுரி நீலம், காவி, கொஞ்சம் சாம்பல் என்று குழைக்க ஆரம்பித்தாள். ஒன்பதாவது நாள் கிடைத்துவிட்டது. அல்லியின் முகம். அப்படியே, அந்தச் சாம்பல் பூத்த முகம். கிண்ணத்தைப் பார்த்துச் செம்பாயி அழுதாள். பத்தொன்பது வருடத்தில் அவள் தன் வேலையைப் பார்த்து அழுதது அதுதான் முதல் தடவை.

தருமசீலரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் மறுப்பார் என்று எதிர்பார்த்து, பதில் தயாரித்து வைத்திருந்தாள். அவரோ நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

“அபாரம்! எட்டாம் நிறம்! வரலாற்றில் முதல் முறையாக நாவல் முகத்தார் அட்டையில் இடம்பெறுகிறார்கள்! யாரங்கே, மேளத்துக்குச் சொல்!”

மேளம் வந்தது, தோரணம் வந்தது. எட்டாம் நிறத்தை யானை மேல் வைத்து ஊர்வலம் விட்டார்கள். செம்பாயிக்குச் சால்வை போர்த்தினார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. ஒவ்வொரு நிறத்துக்குக் கீழேயும் அது எந்த வாசலுக்கு உரியது என்று ஒரு வரி உண்டு; எட்டாம் நிறத்துக்கு அந்த வரியை எழுத ஒன்பது கோதுமை முகத்து அறிஞர்கள் கொண்ட குழு அமைத்தார்கள். குழு பழைய ஏடுகளையெல்லாம் புரட்டிப் பார்த்தது. நாவல் முகத்தார் காலங்காலமாகப் பின்வாசலில்தான் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. “ஒரு மக்களின் மரபை நாம் மதிக்க வேண்டும்” என்றார் குழுத் தலைவர். எட்டாம் நிறத்துக்குக் கீழே ‘பின்வாசல்’ என்று அச்சானது.

இத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நோயை ஆரம்பத்திலேயே பிடிக்க வேண்டும் என்பது அரசரின் கனவு. எனவே அட்டையைப் பள்ளிகளுக்கும் காவலர்களுக்கும் கொடுத்தார்கள். முன்பெல்லாம் நாவல் முகத்தாருக்கு நோய் முற்றிய பிறகுதான் பின்வாசல். இப்போது ஒரு பையன் இரண்டு நாள் முகம் வாடியிருந்தாலே பின்வாசல். ஆரம்பநிலைச் சேவை நாவல் முகத்தாரைச் சென்றடையும் வேகம் பன்னிரண்டு மடங்கு உயர்ந்துவிட்டதாகத் தருமசீலர் அறிவித்தார். அது பொய்யும் இல்லை.

முதலில் போனவன் எதிர்வீட்டு வடிவேங்கை. வளர்த்த ஆடு செத்துப்போன துக்கத்தில் கதவோரம் உட்கார்ந்திருந்தான். இரண்டு காவலர்கள் கன்னத்தில் அட்டையை வைத்துப் பார்த்து, தலையாட்டி, தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் தாய் மருதாயி தெருவில் நின்று செம்பாயியைப் பார்த்தாள்.

“உங்கையால கொழைச்ச நெறமாமே, அக்கா?”

செம்பாயி தன் வீட்டுக் கதவைச் சாத்தினாள். அந்த நிறத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தும் முகம் நாட்டிலேயே ஒன்றுதான். அது அவள் வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. அவளே பார்த்துப் பார்த்துக் குழைத்துக் கொடுத்த அடையாளம். அன்றே அல்லியை அச்சகத்துக்கு அழைத்துப்போய், வண்ணச் சாடிகள் அடுக்கிய அறைக்குள் உட்கார வைத்தாள். காவலர்கள் தெருவைச் சுற்றி முடித்தால் அடுத்து அச்சகத்துக்கும் வருவார்கள். புதுமாத அட்டைக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

அந்த நாலு நாளும் அவள் எட்டாம் நிறத்தைத்தான் குழைத்தாள். கரியைக் குறைத்தாள். அவுரியை எடுத்துவிட்டாள். சந்தனம் சேர்த்தாள், மஞ்சள் சேர்த்தாள், கடைசியில் ஒரு சிட்டிகை குங்குமம். மத்தியான விருந்து முடிந்து, வெற்றிலை போட்டு, சாய்வு நாற்காலியில் சாய்ந்திருக்கிற பெரிய மனிதரின் கன்னம் என்ன நிறமோ அந்த நிறம் வந்ததும் நிறுத்தினாள். அதிகாரிகள் யாரும் அச்சான அட்டையைப் பார்க்கவில்லை. எட்டாம் நிறத்தை அவர்கள் அதற்கு முன்பும் ஏறிட்டுப் பார்த்ததில்லை.

காவலர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு முகம் பார்க்கத் தெரியாது, அட்டை பார்க்கத்தான் பழக்கியிருந்தார்கள். புது அட்டை கைக்கு வந்த அன்றைக்கே, விருந்து முடிந்து ஏப்பம் விட்டுக்கொண்டே படியிறங்கிய தருமசீலரின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். அச்சு அசலாக இருந்தது.

“நான் யார் தெரியுமா?” என்று கத்தினார் தருமசீலர்.

“தெரியுங்கய்யா. உள்ள வர்ற எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க” என்றார் மூத்த காவலர், பரிவாக.

“இது சதி! இது அநியாயம்! விடுங்கள் கையை!”

“கத்தறாரு, எழுதிக்க” என்றார் அவர் மற்றவரிடம். “முரட்டுத்தனம்.”

உறக்கக் கஷாயம் மூன்று வேளை கொடுத்தார்கள். அதே வாரத்தில் அந்த ஒன்பது அறிஞர்களும் ஒரு தளபதியும் வந்து சேர்ந்தார்கள். மொத்தம் பதினோரு பேர். பின்வாசலுக்குள் தரையில்தான் படுக்க வேண்டும் என்பதும், அழுதால் கஷாயம், அழாவிட்டாலும் கஷாயம் என்பதும், பேசினால் கேட்க அங்கே ஒருவரும் இல்லை என்பதும் அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. நாலாம் நாள் சபையில் தன் பேச்சுக்கு யாரும் கைதட்டாததைக் கவனித்து அரசர் விசாரிக்க, விஷயம் வெளியே வந்தது.

அரசருக்கு அன்று கண் கலங்கியது போல என்றுமே கலங்கியதில்லை. உடனே ஆணை போட்டார். பின்வாசலில் அனுபவித்த கொடுமையால் மனம் நொந்துபோன பதினோரு பிரமுகர்களுக்கும் முன்வாசலில் நாற்பது வாரச் சிகிச்சை. அட்டை உடனடியாக நிறுத்திவைக்கப்படுகிறது. பிரமுகர்கள் வந்து போக வசதியாக முன்வாசல் எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். பின்வாசலுக்குள் ஏற்கெனவே இருந்தவர்களைப் பற்றி ஆணையில் ஒன்றும் இல்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை. வடிவேங்கை உள்ளேதான் இருந்தான்.

நிறம் மாறியது எப்படி என்று செம்பாயியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். “சாமி, வெயில்ல வெளிறிப்போச்சு” என்றாள். மறுத்துப் பேச அங்கே யாருக்கும் வண்ணம் தெரியாது. அவளைச் சுண்ணாம்பு அடிக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அன்று வேலை மாற்றல் ஓலையை வாங்கிய கையோடு செம்பாயி மகளை முன்வாசலுக்கு அழைத்துப் போனாள். பவளகிரி முக்காலியில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தான். உள்ளே கேட்பவர்கள் எல்லோரையும் பிரமுகர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தருமசீலர் விம்மி விம்மி அழுவது வாசல் வரைக்கும் கேட்டது.

“அட்டைய வாங்கிட்டுப் போயிட்டாங்கம்மா” என்றான் பவளகிரி. “இனிமே யாருக்கு ஆரம்பம், யாருக்கு இல்லன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“அவகிட்டயே கேளுங்களேன்.”

அப்படி ஒரு வழி இருப்பது அந்த நாட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. பவளகிரி தயங்கினான். அக்கம்பக்கம் பார்த்தான். எழுந்து முக்காலியை அல்லியிடம் தள்ளிவிட்டு, தான் படியில் உட்கார்ந்துகொண்டான்.

“என்ன பாப்பா செய்யுது உனக்கு?”

அல்லி முக்காலியில் உட்கார்ந்து அவனையே பார்த்தாள். பிறகு, “சோத்தப் பாத்தா பயமா இருக்குண்ணே” என்றாள். அடுத்ததாக இன்னொன்று சொன்னாள். அப்புறம் நிறுத்தவே இல்லை. பவளகிரி கேட்பதற்குப் படித்தவன் அல்ல, ஆனாலும் கேட்டான். முழுதாக ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை எழுதி, எதிரே ‘ஆரம்பம், முன்வாசல்’ என்று எழுதினான். செம்பாயி சுவரோரமாகத் திரும்பி நின்று அழுதாள். அவளுக்கு அது சந்தோஷம்தான்.

மறுநாள் வாசலில் எட்டுப் பேர். அதற்கு மறுநாள் நாற்பது பேர். மருதாயி வந்து, “எம்மவன உள்ள இருந்து கூட்டிட்டு வந்து அவனயும் கேளுங்கய்யா” என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பவளகிரி பின்வாசலுக்குத் தன் கையெழுத்தில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினான். அப்படி ஒரு சீட்டை அதுவரை கண்டிராத காவலர்கள் அதைப் பெரிய உத்தரவு என்று நினைத்துப் பையனை விட்டுவிட்டார்கள்.

செய்தி அரண்மனைக்குப் போகாமல் இருக்குமா? மூங்கில் நாற்காலியில் கொஞ்சம் தேறியிருந்த தருமசீலர் அங்கிருந்தபடியே கண்டன ஓலை அனுப்பினார். “என்ன செய்கிறது உனக்கு?” என்று யார் வேண்டுமானாலும் யாரை வேண்டுமானாலும் கேட்டுவிட முடியாது, அதற்கென்று முறை வேண்டும், யாரைக் கேட்கலாம், யாரைக் கேட்கக் கூடாது என்று வகுத்துத்தர அறிஞர் குழு வேண்டும் என்று எழுதியிருந்தார். அரசர் கண் கலங்கி, அதே ஒன்பது அறிஞர்களைக் கொண்டு குழுவை அமைத்தார். உறுப்பினர்கள் ஒன்பது பேரும் இன்னும் சிகிச்சையில் இருப்பதால் குழு இதுவரை கூடவில்லை.

அரசாங்கக் குழு ஒன்று கூடாமலே இருக்க வேண்டும் என்று ஜனங்கள் கோயில் கோயிலாகப் போய்த் தேங்காய் உடைக்கிற நாடு எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். உங்கள் நாட்டில் எப்படியோ.